கிறிஸ்துமஸுக்கு ஓலை நட்சத்திரமா, சிரட்டை விளக்கா?

டிசம்பரில் குமரி மாவட்டத்தில் வாசலில் நட்சத்திரம் தொங்காவிட்டால் கிறிஸ்துமஸ் வந்ததாகவே தோன்றாது. கடையில் வாங்காமல் செய்வதென்றால் என் ஓட்டு பனங்குருத்தோலைக்கு. காய்ந்த ஓலையைத் தண்ணீரில் ஊறவைத்தால் வளைந்து கொடுக்கும்; ஒரே அகலத்தில் கீறி மடித்தால் பசைகூட வேண்டாம், பிள்ளைகளே செய்துவிடுவார்கள். ஒரே தொல்லை, வடகிழக்குப் பருவமழை. ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். சாரல் படாத இடத்தில்தான் மாட்ட வேண்டும்.

சிரட்டைக்கு அந்தப் பயமில்லை, பல வருஷம் கிடக்கும். அடுக்களையில் சும்மா கிடைப்பதும்கூட. ஆனால் மெனக்கெட வேண்டும்: நாரைச் சுரண்டி, உப்புத்தாளால் கை வலிக்கத் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசினால்தான் மினுங்கும். துளை போட்டு உள்ளே எல்இடி சரம் வையுங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம், சிரட்டை நன்றாகவே எரியும்.