பாரிஸில் ரயில் மாறப் போகிறீர்களா? வண்டிக்கு முன்பணம் கட்டாதீர்கள்

72 யூரோ. பாரிஸில் ஒரு ரயில் நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முன்கூட்டியே கட்டிய காசு. வண்டியும் வரவில்லை, காசும் வரவில்லை.

லண்டனிலிருந்து யூரோஸ்டார் ரயிலில் வந்தால் இறங்குவது கார் து நோர் நிலையத்தில் (பிரெஞ்சில் 'கார்' என்றால் ரயில் நிலையம்). தெற்கே மார்செய் நகருக்குப் போகும் டி.ஜி.வி. அதிவேக ரயில் கிளம்புவது கார் து லியோன் நிலையத்திலிருந்து. (19ஆம் நூற்றாண்டில் ஆளுக்கொரு தனியார் கம்பெனி, ஆளுக்கொரு நிலையம் என்று கட்டி வைத்தார்கள். அந்த வினை இன்றும் நம் தலையில்.) அம்மாவுக்கு முழங்கால் வலி, கையில் மூன்று பெட்டி. அதனால் நிலையம் விட்டு நிலையம் கொண்டுபோய் விடுவதாக விளம்பரம் செய்யும் ஒரு செயலியில் பதிவு செய்தேன். முதல் நாள் இரவே டிரைவரின் படம், வண்டி எண், "பிளாட்பாரம் முடிகிற இடத்தில் உங்கள் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார்" என்று செய்தி. அம்மாவிடம் காட்டினேன். "பரவாயில்லையே, பொறுப்பான ஆளுங்கதான்" என்றார். அந்த ஒரு செய்திதான் எங்களைக் கவிழ்த்தது.

இறங்கினால் யாரும் இல்லை. செயலியோ "டிரைவர் வந்துவிட்டார்" என்கிறது. போன் போட்டால் கட் செய்கிறார். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: வண்டி நிற்பது பக்கத்திலிருக்கும் வேறொரு நிலையமான கார் த லெஸ்ட் வாசலில்! உதவி அரட்டையில் சொன்னால், "அவர் நிலையத்தில்தான் இருக்கிறார்" என்று பதில். எந்த நிலையத்தில் ஐயா? டாக்சி வரிசையில் நின்று போய்ச் சேர்வதற்குள் டி.ஜி.வி. போய்விட்டது. யூரோஸ்டார் சரியான நேரத்துக்கு வந்ததால் ரயில்காரர்களிடமும் கேட்க வழியில்லை. புது டிக்கெட் செலவு தனி.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. "பயணி வரவில்லை எனப் பதிவாகியுள்ளது" என்றார்கள். ஆதாரம் கேட்டேன், டிரைவர் எடுத்த படத்தை அனுப்பினார்கள். அதில் பின்னால் பெரிய எழுத்தில் தெரிவது கார் த லெஸ்ட் என்ற பெயர்! அதைச் சுட்டிக்காட்டியதும் அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தந்தார்கள். 72 யூரோவை விழுங்கிவிட்டு எனக்குக் கூப்பனாம். கடைசியாக, "புகார் முடித்துவைக்கப்பட்டது."

போகிறவர்களுக்கு: கார் து நோரிலிருந்து ஆர்.இ.ஆர். டி என்ற நகர ரயிலில் இரண்டாவது நிறுத்தமே கார் து லியோன், மூன்று யூரோகூட ஆகாது. நடக்க முடியாதவர்கள் நிலைய வாசலில் கூரை விளக்கு எரியும் டாக்சியில் ஏறி, இறங்கும்போது காசு கொடுங்கள். முடிந்தால் பாரிஸ் வரை வராமல், வழியில் லீல் நகரில் மாறுங்கள். அங்கிருந்து பாரிஸுக்குள் நுழையாமலே மார்செய்க்கு டி.ஜி.வி. உண்டு. அப்படியும் செயலியில்தான் பதிவு செய்வீர்களென்றால், வரும் செய்திகளையும் வரைபடத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டு மனு போட்டிருக்கிறேன். 72 யூரோவை விடுவதாக இல்லை.