நாலு சாவி, ஒரு பூட்டு, அவசரமாக ஒரு முடிவு

மட்டக்களப்பில் புதுக் கல்லடிப் பாலம் திறந்த 2013ஆம் ஆண்டுதான் நான் ‘நிசேகொய்’ வாசிக்கத் தொடங்கினேன். அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். ஜப்பானில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெளிவரும் வீக்லி ஷோனென் ஜம்ப் இதழில் நவோஷி கொமி வரைந்த காதல் சித்திரக்கதைத் தொடர் அது. 2011 நவம்பரில் தொடங்கி 2016 ஆகஸ்டில் முடிந்தது. மொத்தம் 229 அத்தியாயம், 25 தொகுதி.

நான் வாசித்தது ஆங்கிலத்தில். மச்சாளுக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. அதனால் ரியூஷன் முடிந்து பழைய பாலத்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது அந்தக் கிழமைக் கதையை நான்தான் சொல்ல வேண்டும். நடுப்பாலத்தில், வாவிக் காற்றுக்கு நின்றுவிடுவோம். நான் மூச்சு விட நிறுத்தினால்கூட “மறுகா?” என்பாள், ‘பிறகு?’ என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். மூன்று வருசத்துக்கு மேல் அந்த “மறுகா”வுக்காகவே வாசித்தேன் என்றும் சொல்லலாம்.

கதை இதுதான். ராக்கு என்ற பையனின் கழுத்தில் ஒரு பூட்டுப் பதக்கம். பத்து வருசத்துக்கு முன் சின்ன வயதில் ஒரு பெண்ணோடு செய்துகொண்ட சத்தியத்தின் அடையாளம். சாவி அவளிடம். அவள் முகமும் பெயரும் இவனுக்கு நினைவில்லை. இரண்டு சண்டியர் கூட்டங்கள் மோதாமல் இருக்க, எதிர்க்கூட்டத் தலைவரின் மகள் சிதோகேயோடு காதலிப்பதுபோல் நடிக்கவும் வேண்டியிருக்கிறது. அவன் மனதுக்குள் விரும்புவதோ வகுப்பில் கூடப் படிக்கும் ஒனோதெராவை. போகப் போகச் சாவி வைத்திருக்கும் பெண்கள் நாலு பேராகிவிடுகிறார்கள். எந்தச் சாவி பூட்டைத் திறக்கும் என்ற கேள்விதான் எங்களைக் கட்டி இழுத்தது.

கடைசியில் ராக்கு சிதோகேயைத் தேர்ந்தெடுக்கிறான். சத்தியம் செய்த பெண் ஒனோதெரா. இதில் எனக்குக் கோபம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து வருசத்துக்கு முந்திய வாக்கைவிட இன்று பக்கத்தில் நிற்பவள் பெரிது என்பது நல்ல எண்ணம். சிதோகேயின் காதலும் மெல்ல மெல்ல, நம்பும்படிதான் வளர்ந்தது.

எனக்கு ஆறாதது வேறு. அந்தப் பூட்டை நாலு வருசத்துக்கு மேல் எங்கள் கழுத்திலும் மாட்டிவிட்டு, அதன் மறைபொருளைக் கடைசிக் கட்டத்தில் அவசரமாக அவிழ்த்தார் கொமி. ஒனோதெரா மனதைத் திறந்து சொல்கிறாள், அவன் மறுக்கிறான், அவள் அழுகிறாள், கதை அடுத்த ஆளிடம் ஓடிவிடுகிறது. யாரோ வரப்போய் அவள் பேச்சு தடைப்படும் வேடிக்கைக்கு எத்தனை அத்தியாயம் செலவானது! அதில் நாலைந்தை அவளுடைய துக்கத்துக்குக் கொடுத்திருக்கலாமே. ஜம்ப் இதழில் வாசகர் அனுப்பும் வாக்கு அட்டைகள்தான் ஒரு தொடர் நீடிப்பதையும் நிற்பதையும் பெரும்பாலும் தீர்மானிக்கும். அப்படி ஓட்டத்தில் வரையும் ஆளுக்கு நடுப்பகுதி நீள்வதும் முடிவு சுருங்குவதும் நடக்கக்கூடியதுதான், விளங்குகிறது. ஆனாலும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் விடிய விடியக் கூத்து ஆடுவார்கள். ஒவ்வொருவரின் வரவுக்கும் நேரம் எடுக்கும். சனம் தூங்கி வழிகிறது என்பதற்காக கூத்தை நடத்தும் எந்த அண்ணாவியாரும் விடியப்புறப் புலம்பலைப் பாதியில் வெட்டமாட்டார். முடிவில் வாழ்த்தாக வாழி பாடித்தான் களரியை, ஆடுமேடையை, விட்டு இறங்குவார்கள்.

2016இல் கடைசி அத்தியாயத்தைப் பாலத்தில் வைத்துச் சொல்லவில்லை. நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், மச்சாள் கல்முனையில். ஃபோனில்தான் சொன்னேன். ஒனோதெராவிடம் ராக்கு மறுத்த இடத்தில் நிறுத்தினேன். “மறுகா” வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அவள்ற சாவி என்னகா ஆன?” என்று மட்டும் கேட்டாள். நான் திரும்பத் திரும்பப் பக்கம் புரட்டியும் அவளுக்குத் திருப்தியாக ஒரு பதில் எடுக்க முடியவில்லை.

அதன்பிறகு முழுதாக இரண்டு தடவை வாசித்துவிட்டேன். முதல் பத்துத் தொகுதிகள் இன்றைக்கும் அருமை. முகபாவங்களில் கொமியின் கோடு அவ்வளவு சுத்தம். நடுவில் சில தொகுதிகளைத் தள்ளிவிட்டுப் போனாலும் நட்டமில்லை. முடிவுக்கு வந்தால் மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றுவிடுகிறேன். வருசங்கள் கழித்து, ராக்கு–சிதோகே கல்யாணக் கேக்கைச் செய்வது ஒனோதெரா. பள்ளி நாட்களில் அவள் செய்கிற பலகாரம் பார்க்க அழகாக இருக்கும், வாயில் வைக்க முடியாது. அந்தக் கைதான் இப்போது கேக் செய்கிறது. அந்தக் கைப்பக்குவம் வருவதற்குள் அவள் எத்தனை இரவு அழுதாள் என்று காட்ட ஒரு பக்கம்கூட இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பக்கம்தான்.