டொமாட்டியோவா, தக்காளிக்காயா, மஞ்சள் கூட்டுப் பழமா?

டெக்சாஸில் எந்த மெக்சிகன் காய்கறிக் கடைக்குப் போனாலும், பழுப்புக் காகிதத்தில் பொதிந்து வைத்ததுபோல் பச்சைக் காய் குவிந்திருக்கும். முதல்முறை பார்க்கும் தமிழர் வாயில் பெரும்பாலும் "அட, சொடக்குத் தக்காளி!" என்றுதான் வரும். முழுத் தப்பு இல்லை. வரப்பில் பறித்து நெற்றியில் அடித்து 'டப்'பென்று உடைப்போமே, அதே பிசாலிஸ் பேரினம்தான். ஆனால் இது டொமாட்டியோ, மெக்சிகோவின் காய். tomatillo என்ற எழுத்தைப் பார்த்து டொமாட்டில்லோ என்று வாசித்தால் கடைக்காரம்மா சிரிப்பார்.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. அஸ்டெக்குகளின் நாவாட்ல் மொழியில் 'தொமாத்ல்' என்றால் இந்த வகைக் காய். சிவப்புத் தக்காளிக்கு 'ஷிதொமாத்ல்' என்று தனிப்பெயர். மத்திய மெக்சிகோவில் இன்றும் 'தொமாத்தே' என்று கேட்டால் பச்சைக் காயைத்தான் தருவார்கள், சிவப்பு வேண்டுமென்றால் 'ஹிதொமாத்தே' என்று கேட்க வேண்டும். நம் ஊர்க் கதையும் இதேபோலத்தான். மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் இங்கே முன்பே இருந்தன. கப்பலில் வந்த சிவப்புப் பழத்துக்குத்தான் சீமைத்தக்காளி என்று அடைமொழி போட்டார்கள்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். சமையலில் டொமாட்டியோவின் போட்டியாளர் தக்காளிக்காய். "இரண்டும் பச்சை, இரண்டும் புளிப்பு, எதைப் போட்டால் என்ன?" என்று நானும் நினைத்தவன்தான். குறுக்கே வெட்டிப் பார்த்தால் போதும். தக்காளிக்காயில் அறை அறையாக வழவழப்பும் விதையும் இருக்கும். டொமாட்டியோவில் அறை அறையாகத் தெரியாது, வழவழப்பும் கிடையாது. வெளிர்பச்சைச் சதை முழுக்க பொடி விதை. காயைப் போர்த்தியிருக்கும் காகிதம் போன்ற கூட்டை உரித்ததும் தோல் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது இயல்பு, கழுவினால் போய்விடும்.

தக்காளிக்காய் என்பது பழுக்காத காய். டொமாட்டியோ பச்சையாக இருக்கும்போதே முற்றியிருக்கும். முற்றிவிட்டதா என்பதைக் கூடு காட்டிக் கொடுக்கும்: காய் கூட்டை நிறைத்து, கூடு காய்ந்து அடியில் கிழிய ஆரம்பித்தால் பறிக்கலாம். கூட்டை அமுக்கும்போது உள்ளே காற்றாடினால் விட்டுவிடுங்கள். மஞ்சளாகும் வரை காத்திருந்தால் புளிப்பு குறைந்து இனிப்பு ஏறும், மெக்சிகன் சட்னியான சால்சாவுக்கு அது சப்பென்று இருக்கும்.

சால்சா வெர்தே, அதாவது பச்சைச் சால்சாதான் இதன் உண்மையான பரீட்சை. அரைக் கிலோ டொமாட்டியோவையும் இரண்டு மூன்று செரானோ மிளகாயையும் தோல் உரிக்காத பூண்டையும் கோமாலில், அதாவது நம் தோசைக்கல் போன்ற கல்லில், எண்ணெய் விடாமல் சுடுவார்கள். ஐந்தாறு நிமிடத்தில் தோலில் கருப்புப் பொட்டு விழும், பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறமாகும், காய் தொளதொளவென்று ஆகி ஓரத்தில் சாறு கசியும். வெடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். வெடித்தால் அந்தப் புளிச்சாறு கல்லிலேயே தீய்ந்துவிடும். பூண்டை உரித்து, வெங்காயம், கொத்தமல்லி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் வேலை முடிந்தது. ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் ஜெல்லி மாதிரி இறுகியிருக்கும், பெக்டின் அதிகம் என்பதால். இதையே தக்காளிக்காயில் செய்து பார்த்தேன். தண்ணீர் விட்டது, லேசாகத் துவர்த்தது, எலுமிச்சை பிழிந்துதான் ஒப்பேற்றினேன். ஆக, சால்சாவுக்கு டொமாட்டியோ மட்டுமே. ஆனால் பாசிப்பருப்புப் போட்ட தக்காளிக்காய்க் கூட்டுக்கு டொமாட்டியோவை நான் போடமாட்டேன், கரைந்து கூழாகிவிடும். துவரம்பருப்பில் மாங்காய்க்குப் பதிலாகப் போடுங்கள், அங்கே ஜோராக இருக்கும். அப்புறம், மெக்சிகோவில் உரித்த காகிதக் கூட்டைக்கூட வீணாக்குவதில்லை. அதைக் கொதிக்கவைத்து வடித்த நீரை, மக்காச்சோள மாவைப் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் தமாலின் மாவில் சேர்த்து, மாவு பொங்கிவரச் செய்யும் பழக்கம் உண்டு.

தோட்டத்தில் போட்டியாளர்கள் வேறு, கூட்டுக்குள் காய்க்கும் பிசாலிஸ் சொந்தக்காரர்கள். ஒன்று கிரவுண்ட் செர்ரி. கோலிக்குண்டு அளவுப் பழம், பழுத்ததும் கூட்டோடு தரையில் விழும், குனிந்து பொறுக்க வேண்டியதுதான். அன்னாசி வாசனை, இனிப்பு. இன்னொன்று கேப் கூஸ்பெர்ரி. ஆண்டீஸ் மலைக்காரர், கொலம்பியாவில் 'உச்சுவா', வட இந்தியாவில் ரஸ்பரி. நீலகிரிக் குளிரில் தானாகவே வளரும் செடி, டெக்சாஸ் வெயிலில் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். இலையைத் தொட்டால் அடையாளம் தெரியும்: கேப் கூஸ்பெர்ரி இலை வெல்வெட் போல, டொமாட்டியோ இலை ஏறக்குறைய மொழுமொழுவென்று. ஆரஞ்சு விளக்குபோல் கூடு விடும் சைனீஸ் லேன்டர்ன் அழகுக்கு மட்டும். அதைச் சமையலறைக்குக் கொண்டுவர வேண்டாம்.

நான் அடி வாங்கியது முதல் வருஷம். இடம் குறைவென்று ஒரே ஒரு டொமாட்டியோ நாற்று வைத்தேன். ஆளுயரம் வளர்ந்து, நான்கு பக்கமும் சாய்ந்து, நடுவில் கரும்பொட்டு வைத்த மஞ்சள் பூ நூற்றுக்கணக்கில். தேனீயும் வந்தது. ஜூலை வரை ஒரு காய் இல்லை. உண்டான சில கூடுகளும் உள்ளே காலி. உரம் போட்டேன், தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். கடைசியில்தான் தெரிந்தது, டொமாட்டியோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பக்கத்தில் விதையிலிருந்து வந்த இன்னொரு செடி வேண்டும். அதே செடியின் கிளையை ஒடித்து வேர்விட வைத்தாலும் பிரயோஜனமில்லை. தக்காளிக்கும் கிரவுண்ட் செர்ரிக்கும் கேப் கூஸ்பெர்ரிக்கும் இந்தப் பிடிவாதம் இல்லை, ஒற்றைச் செடியே காய்க்கும்.

ஆகவே மூன்றடி இடைவெளியில் இரண்டு செடிக்கு இடமிருந்தால் டொமாட்டியோ; பால்கனியில் ஒரு தொட்டிதான் என்றால் கிரவுண்ட் செர்ரி. பனி போன பிறகு நட்டால் இரண்டரை மாதத்தில் டொமாட்டியோ பறிக்க ஆரம்பிக்கலாம். கொளுத்தும் வெயிலில் பூ உதிரும், செப்டம்பரில் மறுபடி பிடிக்கும். பூச்சியில் தொல்லை கொடுப்பது மூன்று கருங்கோடு போட்ட மஞ்சள் வண்டு. அதன் புழு தன் எச்சத்தையே முதுகில் அப்பிக்கொண்டு இலையைத் தின்னும். கையுறை போட்டு நசுக்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பறித்த காயைக் கூட்டோடு காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். தக்காளிக்காயை வெளியே வைத்தால் அதற்குள் சிவந்துவிடும்.

இந்த வருஷம் பச்சை ஒன்று, ஊதா ஒன்று என்று இரண்டு டொமாட்டியோ வைத்திருக்கிறேன். போன வருஷம் விழுந்த காயிலிருந்து வேலியோரம் பதினோரு கன்று தானாக முளைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு மெக்சிகோ பாட்டி நான்கைக் கேட்டு வைத்திருக்கிறார், மீதியை யார் தலையில் கட்டுவது என்றுதான் யோசனை.