பலகையில் ஐரோப்பா, தட்டில் பாக்தாத்

மதுரை அண்ணா நகரில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது இந்தக் கடை. பெயரைப் போடப் போவதில்லை. இரண்டு மூன்று குறை சொல்ல வேண்டியிருக்கிறது, கடை வைத்திருப்பவனோ பிழைக்க வந்த பிள்ளை. சாயங்காலம் ஐந்தரைக்குத் திறக்கிறார்கள். உள்ளே நாலு ஸ்டீல் மேசை, வெளியே ஒரு பெஞ்சு. வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் 'யூரோப்பியன் ஸ்ட்ரீட் ஃபுட்'. அதன் கீழே ஃபலாஃபல், ஹம்மூஸ், சபிஹ், புதினா லெமனேட் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. இதில் ஒன்றுகூட ஐரோப்பாவில் பிறந்தது கிடையாது.

நான் இஸ்ரேலில் வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள். சொந்த ஊர் திருமங்கலம். முதலில் ராமத் கானில், பாக்தாத்தில் பிறந்த ஒரு பாட்டி வீடு. பாட்டி போன பிறகு டெல் அவீவின் வடக்குப் பக்கம், போலந்தில் பிறந்த ஒரு தாத்தா வீடு. ஆகவே சபிஹ் விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபிஹ் சாப்பிட்டிராதவர்களுக்கு: பீட்டா ரொட்டியைப் பிளந்து பை மாதிரி ஆக்கி, உள்ளே ஹம்மூஸ் என்ற கொண்டைக்கடலை விழுதைத் தடவி, எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய், அவித்த முட்டை, பொடியாக நறுக்கிய தக்காளியும் வெள்ளரியும் வைத்து, மேலே எள் விழுது விட்டு, கடைசியாக அம்பா என்ற மாங்காய் ஊறுகாய்க் குழம்பை ஊற்றித் தருவார்கள். ஓய்வுநாளான சனிக்கிழமை அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்பது யூதர்களின் மதக் கட்டளை. அதனால் பாக்தாத் யூத வீடுகளில் வெள்ளிக்கிழமையே கத்தரிக்காயைப் பொரித்து வைத்துவிடுவார்கள். முட்டை ராத்திரி முழுக்க மிதமான சூட்டில் கிடக்கும். மறுநாள் காலையில் அதுதான் பலகாரம். 1950களில் ஈராக்கிலிருந்து வந்தவர்கள் இந்தப் பழக்கத்தையும் கொண்டு வந்தார்கள். 1960களில் ராமத் கானில் ஓர் ஈராக்கிக்காரர் அதை ரொட்டிக்குள் வைத்து விற்கத் தொடங்க, இன்று நாடு முழுக்க அதுதான் தெருச் சாப்பாடு.

இங்கே 140 ரூபாய். ரொட்டிக்கு முழு மார்க். அங்கேயே கல்லில் போட்டு எடுக்கிறான், உப்பி வருகிறது, சுடச்சுடப் பிளந்தாலும் கிழிவதில்லை. எள் விழுது கொஞ்சம் கசக்கிறது, கசக்கத்தான் வேண்டும். நம்மூர் எள்ளை லேசாக வறுத்து அரைத்ததாம்.

கத்தரிக்காய்தான் காலை வாரிவிட்டது. கடலை மாவில் முக்கிப் பொரித்திருக்கிறான்! கடித்தால் பஜ்ஜி. சபிஹுக்குக் கத்தரிக்காய் வட்டமாக, ஒரு விரல் தடிமனில், உப்புப் போட்டு வைத்து, வடிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, எண்ணெயில் கருஞ்சிவப்பாகும்வரை விட வேண்டும். தோல் மட்டும் கொஞ்சம் இழுக்கும், உள்ளே வெண்ணெயாகக் கரையும். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாவு இல்லாம போட்டா, பஜ்ஜி உரிஞ்சு போச்சான்னு கேக்குறாங்கக்கா. மதுரைல என்ன பண்றது?" என்றான். கேட்டால் மாவு இல்லாமல் போட்டுத் தருகிறான், பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். காத்திருங்கள். முட்டை சாதாரண அவித்த முட்டைதான். அதை விட்டுவிடலாம், 140 ரூபாய்க்கு யார் ராத்திரி முழுக்க முட்டையைக் காவல் காப்பார்கள்?

இனி அம்பா. இதற்காக மட்டுமே நீங்கள் அண்ணா நகர் வரலாம். நத்தம் பக்கத்து கிளிமூக்கு மாங்காயை உப்பில் போட்டு, வெயிலில் காய வைத்து, வெந்தயம், மஞ்சள், கடுகு, மிளகாய் சேர்த்துக் குழைய விட்டது. தம்பியின் அம்மா வீட்டிலேயே போடுகிறார். மஞ்சளாக, இழுத்தால் நூலாக வராமல், கரண்டியில் இருந்து மெதுவாக வழிகிற பதம். ராமத் கான் பாட்டி சாப்பிட்டிருந்தால் இன்னொரு கரண்டி கேட்டிருப்பார். பாக்தாத் யூதர்கள் பம்பாயில் வியாபாரம் செய்தவர்கள். அவர்களில் ஒருவரான டேவிட் சசூன் 1830களில் அங்கே வந்து குடியேறினார். 1875-ல் கட்டிய சசூன் டாக் என்ற கப்பல்துறை இன்னும் அந்தக் குடும்பத்தின் பெயரில்தான் இருக்கிறது. அந்த வியாபாரத் தொடர்பில் நம் மாங்காய் ஊறுகாய் கப்பலேறி பாக்தாத் போய், அங்கிருந்து 1950களில் இஸ்ரேல் போய், இப்போது சுற்றிக்கொண்டு அண்ணா நகர் வந்திருக்கிறது.

சாப்பிட்டு முடித்த பிறகு பலகையைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏன் தம்பி, இது ஈராக் சாப்பாடு. யூரோப்பியன்னு போட்டிருக்கியே?"

"யூரோப்பியன்னு போட்டாத்தான்க்கா 140 கேக்க முடியும். ஈராக்னு போட்டா நாப்பது ரூபாய்க்குக் கேப்பாங்க. பாதிப் பேரு உள்ளயே வர மாட்டாங்க."

சிரித்துவிட்டேன். அவன் சொன்னது கடைக் கணக்கு. ஆனால் நான் வேலை பார்த்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே எழுபது வருஷமாக ஓடிய கணக்கும் அதேதான்.

பாட்டியின் அப்பா பாக்தாத்தில் வங்கிக் குமாஸ்தா. பிள்ளைகளைப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கும் பள்ளியில் படிக்க வைத்தவர். அந்தக் காலத்துப் பாக்தாத்தில் ஏறத்தாழ நாலில் ஒருவர் யூதர். ஈராக்கின் முதல் நிதி அமைச்சரே சசூன் எஸ்கெல் என்ற யூதர்தான். 1941 ஜூனில் பாக்தாத் யூதர்கள்மீது இரண்டு நாள் படுகொலை நடந்தது, 'ஃபர்ஹூத்' என்பார்கள். அதற்கு அப்புறம், 1950 மார்ச்சில், குடியுரிமையை விட்டுக்கொடுத்தால் நாட்டை விட்டுப் போகலாம் என்று ஒரு சட்டம் வந்தது. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்களின் சொத்தை மறு வருஷம் மார்ச்சில் அரசு முடக்கிவிட்டது. சுமார் 1,20,000 பேர் ஆளுக்கொரு பெட்டியோடு விமானம் ஏறினார்கள். இஸ்ரேலில் இறங்கியதும் தலையில் டி.டி.டி. பூச்சிமருந்துப் பொடி அடித்தார்களாம். பிறகு கூடாரம், அப்புறம் தகரக் கொட்டகை. வங்கிக் கணக்கு எழுதிய கை ரோடு போடப் போனது.

நம் பக்கத்தில் இது புரியாத கதை இல்லை. 1960களில் ரங்கூனிலிருந்து வந்தவர்களும் கடை, வீடு, நகை எல்லாவற்றையும் அந்த அரசாங்கத்திடம் விட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். ஆனால் பர்மா இடியாப்பம், பர்மா பரோட்டா என்று பெயர் போட்டே விற்கிறார்கள். அதற்கு யாரும் 'லண்டன் பரோட்டா' என்று பெயர் வைக்கவில்லை.

தாத்தாவின் கதை வேறு. போலந்தில் அவர் அம்மா, அப்பா, தங்கை மூவரையும் நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அவரும் கையில் ஒன்றும் இல்லாமல்தான் வந்து இறங்கினார், அவரும் முகாமில்தான் படுத்தார். ஆனால் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் முகாமை விட்டுச் சீக்கிரம் வெளியேறினார்கள். முன்னமே வந்திருந்த சொந்தக்காரர்கள் இருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரியும் பெரும்பாலும் அவர்கள் பாஷை பேசுகிறவர். 1952-ல் இஸ்ரேலுக்கு மேற்கு ஜெர்மனியோடு லக்சம்பர்க்கில் நஷ்டஈட்டு ஒப்பந்தம் ஆனது. அதைத் தொடர்ந்து, தப்பிப் பிழைத்த தனி ஆட்களுக்கும் ஜெர்மனியிலிருந்து நஷ்டஈடு, மாதாமாதம் பென்ஷன் என்று வரத் தொடங்கியது. தாத்தா அதைச் சேர்த்து வைத்துத்தான் மகனுக்கு முதல் வீடு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பணத்தைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு மனசு வராது. அது எந்தக் கணக்கில் வந்தது என்று அவர் தூக்கத்தில் கத்தும்போது கேட்டிருக்கிறேன்.

பாட்டிக்கு அப்படி ஒரு பக்கமும் வரவில்லை. ஈராக் முடக்கியது முடக்கியதுதான். அந்தச் சொத்தை, இஸ்ரேலில் தங்கள் சொத்தை விட்டுப் போன பாலஸ்தீன அகதிகளுக்குத் தர வேண்டிய நஷ்டஈட்டோடு சேர்த்துக் கணக்குப் பார்ப்போம் என்று இஸ்ரேல் அரசும் 1951-லேயே சொல்லிவிட்டது. ஃபர்ஹூத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இஸ்ரேல் அரசு உதவித்தொகை அறிவித்தது 2015 டிசம்பரில். ஆண்டுக்கு 3,600 ஷெக்கல் (இஸ்ரேல் நாணயம்), மருந்துச் செலவில் சலுகை. மாதத்துக்கு 300 ஷெக்கல்! அதுவும் சம்பவம் நடந்து 74 வருஷம் கழித்து.

வீடும் பணமும் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வேலையைப் பள்ளிக்கூடம் செய்தது. அரபு நாடுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளைத் தொழிற்பள்ளிக்கு அனுப்புவதுதான் 1960, 70களில் வழக்கம். பாட்டியின் மூத்த மகளைத் தையலுக்கு அனுப்பினார்கள். தாத்தாவின் மகன் அதே வயதில் கணிதம் படித்தார். இருவரையும் எனக்குத் தெரியும். கணக்கில் கெட்டி மகள்தான். பாட்டியின் மருந்துச் சீட்டு முதல் என் சம்பளப் பிடித்தம் வரை மனக்கணக்காகவே போடுவார். பேரப்பிள்ளைகள் காலத்தில் நிலைமை மாறிவிட்டது, பாட்டியின் பேரன் இன்ஜினியர். ஆனாலும் பட்டப்படிப்பில் இடைவெளி மூன்றாம் தலைமுறையிலும் மறையவில்லை. கலப்புத் திருமணத்தில் பிறந்தவர்கள் நடுவில் நிற்கிறார்கள். அரசாங்கப் புள்ளிவிவரத்தில் இது சட்டென்று கண்ணில் படாது. பூர்வீகத்தை அப்பா பிறந்த நாட்டை வைத்தே ரொம்ப காலம் எழுதினார்கள். அப்பாவும் இஸ்ரேலில் பிறந்திருந்தால் பூர்வீகமும் இஸ்ரேல்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரபு நாடுகளிலிருந்து வந்தவர்கள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. மொராக்கோக்காரர்களைவிட ஈராக்கிகள் நன்றாகவே தேறினார்கள். மொராக்கோவில் வசதியும் படிப்பும் உள்ளவர்களில் பலர் பிரான்ஸுக்குப் போய்விட்டார்கள். ஈராக்கிலிருந்து வாத்தியார், வக்கீல், வணிகர், கூலிக்காரர் என்று ஊரே கிளம்பி வந்தது. மொராக்கோக்காரர்களில் ஏராளமானோரை தெற்கே பாலைவனத்துப் புது ஊர்களில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஈராக்கிகளில் பலர் ராமத் கான், ஓர் யெஹுதா என்று டெல் அவீவை ஒட்டியே இருந்துவிட்டார்கள். வேலையும் கல்லூரியும் பஸ் தூரத்தில். பாக்தாத்தில் பிறந்த ஷ்லோமோ ஹில்லெல் நாடாளுமன்ற சபாநாயகர் ஆனார். ஈராக்கி வீட்டுப் பிள்ளையான மோஷே லெவி 1983-ல் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். பிரதமர் நாற்காலியில் மட்டும் அரபு நாட்டுப் பூர்வீகம் உள்ள ஒருவரும் இதுவரை உட்கார்ந்ததில்லை.

பாட்டி வீட்டில் எந்நேரமும் பாட்டு ஓடும். சாலெஹ், தாவூத் அல்-குவைத்தி என்று அண்ணன் தம்பி. பாக்தாத் வானொலி 1936-ல் தொடங்கியபோது அதன் இசைக்குழுவை நடத்தியவர்கள், அரபு உலகமே கொண்டாடிய ஆட்கள். டெல் அவீவில் பாத்திரக்கடை வைத்துப் பிழைத்தார்கள். தாவூத்தின் பேரன் டூடு தாஸ்ஸா 2011-ல் அந்தப் பாட்டுகளை ராக் இசையில் போட்ட பிறகுதான் புதுப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள்.

சாப்பாட்டில் மட்டும் ஆட்டம் தலைகீழ். தாத்தா வீட்டில் பண்டிகைக்கு மீன் உருண்டை செய்வார்கள், போலந்து முறையில் சர்க்கரை போட்டு. மீனில் சர்க்கரை! மருமகள் முதல் பேரன் வரை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு துண்டு தின்றுவிட்டு, சாயங்காலம் சபிஹ் கடை வரிசையில் போய் நிற்பார்கள். தாத்தாவும் "பாதி போதும், அம்பா வேண்டாம்" என்று எனக்குச் சொல்லி அனுப்புவார். வாங்கி வந்ததை முழுசாகத் தின்பார்.

இதில் பாதியைத் தம்பியிடம் சொன்னேன், கல்லாவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பலகையை மாற்ற மாட்டானாம், ஃபிளெக்ஸ் அடித்த காசு இன்னும் எடுபடவில்லையாம். மெனு அட்டை அடுத்த முறை அடிக்கும்போது சபிஹ் பக்கத்தில் சின்னதாக 'பாக்தாத்' என்று போடுகிறேன் என்றான். பார்ப்போம்.

மற்ற அயிட்டங்கள்: ஃபலாஃபல் தட்டு 120, மொறுமொறுவென்று நன்றாக இருக்கிறது, உள்ளே கொத்தமல்லி தாராளம். ஆனால் எண்ணெயை நாளுக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும், எட்டு மணிக்கு மேல் போனால் வாடை தெரிகிறது. ஹம்மூஸ் 90, பூண்டு தூக்கல். புதினா லெமனேட் 50, சர்க்கரைப் பாகுதான் முக்கால்வாசி. "சர்க்கரை கம்மி" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை. பைக் நிறுத்த இடம் உண்டு, காரை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரமாவது நிற்க வேண்டியிருக்கும், திங்கள் விடுமுறை.

அம்பா தனியாகக் கால் கிலோ பாட்டிலில் 180 ரூபாய்க்குத் தருகிறார்கள். தயிர்சாதத்துக்குப் பிரமாதம். ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். வெந்தயம் தூக்கல் என்பதால் மறுநாள் வியர்வையில்கூட வாசனை அடிக்கும், இன்டர்வியூ, பெண் பார்க்கும் சடங்கு எதுவும் இருந்தால் முதல் நாள் தொடாதீர்கள்.