கடைக்கு சொத்து வரி அப்பீல் – நாங்க போன வேல்யூவர் (சொத்து மதிப்பு போடறவரு) பத்தி (4/5)

சிங்கப்பூர் தேக்காவுல எங்களுக்கு ஒரு சின்ன கடை இருக்கு, ஃபோன் ரிப்பேர் பண்ற தம்பிக்கு மாசம் 7,000 வெள்ளிக்கு விட்டிருக்கோம். டிசம்பர்ல வரித்துறை ஐராஸ்ல இருந்து வேல்யூவேஷன் நோட்டீஸ், ஏவி (சொத்தோட வருஷ வாடகை மதிப்பு) 84,000னு ஏத்திட்டாங்க. கடைக்கு ஏவில 10 சதவீதம் வரி, அப்போ 8,400. அப்பாவுக்கு அன்னைக்கு சாப்பாடே இறங்கல.

முதல்ல ஃபோன் பண்ணி வந்த ஒரு ஏஜெண்ட்கிட்டதான் மாட்டினோம். "கண்டிப்பா பாதியா குறைச்சுடுவேன்"னாரு, கடையை வந்து பாக்கவே இல்ல, முன்பணம் 800 கேட்டாரு, அதுக்கு மேல சிங்பாஸ் (அரசாங்க சேவைக்கு லாகின் பண்ற கணக்கு) பாஸ்வேர்டும் கேட்டாரு!! அதை யாருக்கும் குடுக்கவே கூடாதுங்க, அங்கயே வேணாம்னு சொல்லிட்டேன். ஆனா நோட்டீஸ் தேதில இருந்து 30 நாளுக்குள்ள ஆட்சேபம் போடணும், அதுல 19 நாள் இவருகிட்டயே போயிடுச்சு.

அப்புறம் அக்கா வீட்டுக்காரர் சொல்லி சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு வேல்யூவர் ஆபீஸுக்குப் போனோம். லைசென்ஸ் இருக்கான்னு கேட்டேன், கோவப்படாம எடுத்துக் காட்டுனாரு. அவரு சொன்ன முதல் வார்த்தையே "நீங்களே ஐராஸோட மைடாக்ஸ் போர்ட்டல்ல ஆட்சேபத்த ஃப்ரீயா போடலாம், என்கிட்ட வரணும்னு இல்ல"ங்கறதுதான், எனக்கு அப்பவே நம்பிக்கை வந்துடுச்சு. அப்புறம் வாடகை அக்ரிமெண்ட கேட்டு வரி வரியா படிச்சாரு. அந்த 7,000ல மெயின்டெனன்ஸ் ஃபீ 650ம், நாங்க போட்டுக் குடுத்த ஷெல்ஃப், கவுண்டருக்கு 250ம் சேர்ந்திருக்குன்னு அவருதான் கண்டுபிடிச்சாரு, ஏவிங்கறது வெறும் இடத்துக்கு வர்ற வாடகை மட்டும்தானாம், இதெல்லாம் சேரக்கூடாதாம். இத்தனை வருஷமா கடை வெச்சிருக்கோம், எங்களுக்கு இது தெரியாது. அதே மாடில இருக்கற மத்த கடைங்க வாடகையும் எடுத்து ஒப்பிட்டுப் பாத்தாரு, "73,000 பக்கம் வரும், அதுக்குக் கீழ எதிர்பாக்காதீங்க"ன்னாரு. ஃபீஸ் 450, வேல்யூவேஷன் ரிவ்யூ போர்டு (மேல் அப்பீல் பாக்கற வாரியம்) வரைக்கும் போனா தனின்னு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாரு.

ஆட்சேபம் போட்டப்புறம் ஏவி 73,200 ஆச்சு. வரி 7,320, அதாவது 1,080 வெள்ளி மிச்சம்.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, வாட்ஸ்அப்ல பதில் வர ரெண்டு மூணு நாள் ஆகுது, முடிவு வர்ற வரைக்கும் நாங்க தவிச்சுட்டோம். அதோட ஆட்சேபம் போட்டாலும் ஜனவரி 31க்குள்ள முழு வரியும் கட்டித்தான் ஆகணும், அதை இன்னும் சீக்கிரம் சொல்லியிருக்கலாம், கடைசி நேரத்துல காசு புரட்ட அலைஞ்சோம். அதிகமா கட்டினது அப்புறம் திரும்ப வந்துடுச்சு.

போன மாசம் சித்தப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். அவரோட கடை பேப்பர அரை மணி நேரம் பாத்துட்டு, "உங்க ஏவி சரியாத்தான் இருக்கு அண்ணே, காச வீணாக்காதீங்க"ன்னு ஒரு வெள்ளி கூட வாங்காம அனுப்பிட்டாரு.