வட சென்னை ரோட்டுக்கு எது கட்டுப்படியாகும்: பெட்ரோலா, கேஸா, ஹைப்ரிடா, எலெக்ட்ரிக்கா?

காலை ஒன்பது மணிக்குத் திருவொற்றியூர் தேரடியிலிருந்து டி.எச். ரோடு வழியாக மின்ட் பக்கம் கார் ஓட்டிப் போகிறவருக்கு எரிபொருள் முக்கியமாக இரண்டு இடத்தில் வீணாகிறது. ஒன்று, வண்டி நிற்கும்போது. இன்னொன்று, பிரேக் மிதிக்கும்போது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற செலவெல்லாம் நெடுஞ்சாலைக் கணக்கு. 30 தாண்ட வழியில்லாத ரோட்டில் அது பெரிய விஷயமே இல்லை. அதனால் நம் பக்கத்து ஓட்டத்துக்கு கார் பார்க்கும்போது இரண்டு கேள்விதான் கேட்க வேண்டும். சும்மா நிற்கும்போது எவ்வளவு குடிக்கும்? பிரேக் மிதித்தால் எதையாவது திருப்பித் தருமா?

ஷோரூமில் சொல்லும் ஏ.ஆர்.ஏ.ஐ. (வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) மைலேஜ் இதற்குப் பதில் சொல்லாது. அது ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஏற்றி, ஏசி போடாமல், ஒரு பகுதியில் 90 கி.மீ. வேகம் வரை ஓட்டி எடுக்கும் அளவு.

அளவு புரிவதற்கு ஒரு கணக்கு. ஒரு டன் எடையுள்ள சின்ன கார் 40 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக் போட்டு நின்றால், அந்த வேகத்தை எட்ட எரித்த 7, 8 மில்லி பெட்ரோல் பிரேக்கில் சூடாகிப் போய்விடும். 20-லிருந்து நின்றால் போவது 2 மில்லிதான், ஏனென்றால் வேகம் பாதியானால் அதில் அடங்கிய ஆற்றல் கால்வாசியாகிவிடும். ஏசியோடு இன்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிடம் நின்றால் 10 மில்லிக்கு மேல் போகும். கொருக்குப்பேட்டையில் கேட் போட்டு, கூட்ஸ் வண்டி கடக்கும்வரை பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தால் 100 மில்லிக்கு மேல். ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்க வேண்டிய பெட்ரோல் அது.

சாதாரண பெட்ரோல் கார் நிற்கும்போது குடிக்கும், பிரேக்கில் எதையும் திருப்பித் தராது. இரண்டு கேள்வியிலும் தோல்விதான். ஆனால் ஏற்கெனவே வீட்டில் நிற்கும் கார் அதுதான் என்றால், அதை மாற்றுவதற்கு முன்னால் ஓட்டும் விதத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது. மூலக்கடை மேம்பாலத்தில் இறங்கும்போது பலர் நியூட்ரலில் போட்டு உருட்டுகிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதில் லாபம் இருந்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கியரை எடுக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலுக்குப் போனால்தான் இன்ஜின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் கேட்கும். மீட்டரில் உடனடி மைலேஜ் காட்டும் வண்டி இருந்தால் பாலத்தில் இறங்கும்போது பாருங்கள்: கியரில் இருக்கும்வரை முள் உச்சியில் நிற்கும், நியூட்ரல் போட்டதும் கொஞ்சம் இறங்கும். பாதுகாப்புக்கும் கியரில் இறங்குவதுதான் சரி.

அடுத்தது, நின்றால் அணைப்பது. திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடுதல் பெட்ரோல் ஆகும் என்று இன்னமும் சொல்கிறார்கள். சூடான இன்ஜினில் பத்து விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைப்பதுதான் லாபம். அதற்காக பேட்டரி பழசான வண்டியை ஒவ்வொரு சிக்னலிலும் அணைத்து ஸ்டார்ட் செய்து கொல்ல வேண்டாம். ரயில்வே கேட், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை மாதிரி நீண்ட நிறுத்தங்களில் அணைத்தாலே போதும். அப்புறம் டயர் காற்று: நாலு டயரிலும் 5 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். மாதம் இருமுறை பார்த்துக்கொண்டால் இந்த விஷயம் முடிந்தது. ஏ.எம்.டி. (கிளட்ச் மிதிக்காமல் தானே மாறும்) கியர் என்றால் மைலேஜ் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். ஒரு லிட்டர் இன்ஜின் உள்ள வேகன்ஆரில் ஏ.ஆர்.ஏ.ஐ. அளவே மேனுவலுக்கு லிட்டருக்கு 24.35 கி.மீ., ஏ.எம்.டி.க்கு 25.19.

சி.என்.ஜி. (அழுத்தி நிரப்பும் இயற்கை எரிவாயு) பக்கம் போனால் எண்ணைக் கேட்டதுமே ஆசை வருகிறது. அதே வேகன்ஆர் கேஸில் கிலோவுக்கு 34.05 கி.மீ. என்கிறார்கள். இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கிலோ கேஸில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எரிசக்தி இருக்கிறது. கார் திறமையாக ஓடவில்லை, கிலோதான் பெரியது. நிற்கும்போது இதுவும் எரிக்கும், பிரேக்கில் இதுவும் எதையும் தராது. அதாவது வீணாவது அப்படியே இருக்கிறது, வீணாகும் பொருளின் விலை குறைகிறது, அவ்வளவுதான். அதுவும் லாபம்தான். லிட்டர் 100, கிலோ 90 ரூபாய் என்று வைத்து, டிராஃபிக்கில் முறையே 13, 20 கி.மீ. கிடைத்தால், கி.மீ.க்கு மூன்று ரூபாய்க்கு மேல் மிச்சம். கூடுதல் விலை 90 ஆயிரம் என்றால் 30 ஆயிரம் கி.மீ.க்குள் எடுத்துவிடலாம். பதிலுக்கு டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும். இழுவை கொஞ்சம் குறையும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை கட்டாயம். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்ததிலிருந்து கேஸ் இறங்குவதே நம் பக்கத்தில்தான், ஆனாலும் பங்க்கில் வரிசை உண்டு. வாங்குவதற்கு முன் உங்கள் வழியில் இருக்கும் பங்க்குக்கு சாயங்காலம் ஒருமுறை போய் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவே வண்டியை ஓட்டக்கூடிய மோட்டாரும் உள்ள ஸ்ட்ராங் ஹைப்ரிட் இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் வைத்திருக்கிறது. நின்றால் பெரும்பாலும் இன்ஜின் அணைந்துவிடும், ஊர்வதை பேட்டரி பார்த்துக்கொள்ளும், பிரேக்கில் போகிற ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும். கிராண்ட் விட்டாராவில் ஏ.ஆர்.ஏ.ஐ. அளவு லிட்டருக்கு 27.97 கி.மீ.; அதே காரின் மைல்ட் ஹைப்ரிட் மேனுவலில் 21.11. டிராஃபிக்கில் இந்த இடைவெளி இன்னும் விரியும். மைல்ட் ஹைப்ரிட் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது தனியாக மோட்டாரில் வண்டியை ஓட்டாது. சிக்கல் விலைதான். கூடுதலாக 3 லட்சம் கொடுத்து கி.மீ.க்கு மூன்று, மூன்றரை ரூபாய் மிச்சம் பிடித்தால், போட்டதை எடுக்க 90 ஆயிரம் கி.மீ. ஓட வேண்டும். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது எட்டு, ஒன்பது வருடம்.

எலெக்ட்ரிக் காருக்கு நிற்கும் செலவு ஏசிக்கு மட்டும்தான். பிரேக்கில் திரும்புவதும் இதில்தான் அதிகம். சின்ன கார் டிராஃபிக்கில் யூனிட்டுக்கு ஏழு கி.மீ. ஓடும் என்று எடுத்துக்கொண்டால், யூனிட் 8 ரூபாய் கணக்கில், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து கி.மீ.க்கு ஒன்றேகால் ரூபாய். மற்ற எதுவும் இதன் பக்கத்தில் வராது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் படிநிலைக் கட்டணமே மாறி ஈ.பி. பில் எகிறும். தினம் 30 கி.மீ. ஓட்டினால் அந்த இரண்டு மாதத்தில் காருக்கே 280 யூனிட் போல ஆகும், அதை வீட்டுக் கணக்கோடு கூட்டிப் பாருங்கள்.

பெரிய தடை வேறு. பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் தெருவோரம் காரை விடுகிற வீடுகள்தான் அதிகம். மாடியிலிருந்து ஒயர் இறக்கித் தெருவில் சார்ஜ் போடுவது ஆபத்து, அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். சொந்த பார்க்கிங்கும் எர்த்திங் சரியான பிளக்கும் இருந்தால் மட்டுமே இந்த வழி. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் பகுதி என்றால் பிளக்கை இடுப்பு உயரத்துக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். பேட்டரிக்கு ஐ.பி.67 தரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள்.

என்னைக் கேட்டால், பிளக் போட இடம் இருக்கிறவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், எலெக்ட்ரிக்தான். இடம் இல்லை, ஆனால் தினம் 40 கி.மீ. தாண்டுகிறது என்றால் சி.என்.ஜி. அதைவிடக் குறைவாக ஓட்டுகிறவர் இருக்கிற பெட்ரோல் காரையே காற்றும் காலும் பார்த்து ஓட்டலாம். வேலை அண்ணா சாலைப் பக்கம் என்றால் காரை எடுக்கவே வேண்டாம். விம்கோ நகர் வரை 2021-லேயே மெட்ரோ வந்துவிட்டது.