பழைய படங்களுக்கான ஒரு ஆப்: படங்கள் கிடைக்கின்றன, மனோரமா கிடைக்கவில்லை

பழைய தமிழ்ப் படங்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு கட்டண ஆப்பில் போன வருடம் ஆண்டுச் சந்தா கட்டினேன். பெயர் சொல்லப் போவதில்லை. நான் எழுதப் போகும் குறைகள் இந்த வகை ஆப்கள் பலவற்றுக்கும் பொருந்தும், ஒருவரை மட்டும் நிறுத்தி வைத்துத் திட்டுவதில் பயனில்லை. சந்தா கட்டியதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். மனோரமா நடித்த படங்களை 1958-இல் வந்த 'மாலையிட்ட மங்கை'யிலிருந்து தொடங்கி முடிந்தவரை வருட வரிசையில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. யூடியூபில் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கிடைக்கிறதுதான், ஆனால் பாதிப் படங்கள் துண்டு துண்டாக, ஓரம் வெட்டப்பட்டு, முகத்தின் மேலேயே யாரோ ஒருவருடைய லோகோவோடு கிடைக்கின்றன. காசு கொடுத்தால் ஒழுங்கான பிரிண்ட் கிடைக்கும் என்று நம்பித்தான் போனேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிரிண்ட் விஷயத்தில் அவர்கள் ஏமாற்றவில்லை. 'தில்லானா மோகனாம்பாள்' இருக்கிறதே, 1968-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்தது, அதன் வண்ணத்தை இவ்வளவு சுத்தமாக நான் டிவியில் பார்த்ததே இல்லை. பத்மினியின் பட்டுப்புடவைக் கரை தெரிகிறது, சிவாஜியின் கையில் நாதஸ்வரத்தின் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் அந்தச் சின்ன நுனி, தெரிகிறது. மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரம் கரகரப்பில்லாமல் கேட்கிறது. படம் முழுசாக, வெட்டில்லாமல் ஓடுகிறது. விளம்பரம் கிடையாது. சந்தாவும் அதிகமில்லை, இரண்டு பேர் ஒரு நல்ல தியேட்டரில் ஒரு படம் பார்த்து, இடைவேளையில் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டு வரும் செலவுக்குள் ஒரு வருடம் ஓடிவிடும்.

பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், தேடலில். தேடும் இடத்தில் 'மனோரமா' என்று தமிழில் அடித்தால் ஐந்தாறு படங்கள் வருகின்றன. ஆங்கிலத்தில் அடித்தால் இன்னும் சில. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்து 1985-லேயே கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியவருக்கு ஐந்தாறு படங்கள்! அவர் நடித்த படங்கள் அதே ஆப்பில் ஏராளமாக இருக்கின்றன, ஆனால் அவர் பெயரில் இல்லை. எம்.ஜி.ஆர் படம், சிவாஜி படம், ஜெய்சங்கர் படம், சத்யராஜ் படம் என்று நாயகன் பெயரில் போய்த்தான் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வேண்டும். படத்தின் பக்கத்தைத் திறந்தால் நாயகன், நாயகி, இயக்குநர், இசை என்று நான்கு பெயர்களோடு முடிந்துவிடுகிறது. எஸ்.என். லட்சுமி, காந்திமதி, டி.பி. முத்துலட்சுமி, இவர்கள் பெயரையெல்லாம் அடித்துப் பார்த்தேன், அதே கதைதான். தமிழ் சினிமாவில் அம்மா, அத்தை, பாட்டி, வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி என்று வாழ்ந்த நடிகைகள் யாருமே இந்த ஆப்பின் கணக்கில் ஆட்களே இல்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொன்னால்தான் இந்த விமர்சனம் புரியும். மனோரமா என்ன வழியாக அந்தத் திரைக்கு வந்து சேர்ந்தார் என்று பாருங்கள். 1937-இல் மன்னார்குடியில் பிறந்தவர், சொந்தப் பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்டுவிட, அம்மா ராமாமிர்தம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செட்டிநாட்டுப் பக்கம் பள்ளத்தூருக்குப் போய்ச் சேர்ந்தார். அம்மா வீட்டு வேலை செய்து காப்பாற்றினார். பெண் படிப்பை விட்டுவிட்டு, பன்னிரண்டு வயது வாக்கில் நாடக மேடை ஏறினாள். 'அந்தமான் காதலி' நாடகத்தில் ஆரம்பம், மனோரமா என்ற பெயரும் மேடை தந்ததுதான். அப்புறம் வைரம் நாடக சபா, அப்புறம் எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றம். ஊர் ஊராகப் போய் இரவெல்லாம் நடித்துப் பாடி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி வசனம் பேசிப் பழகிய தொண்டை அது. அந்தத் தொண்டையோடுதான் சினிமாவுக்கு வந்தார்.

'மாலையிட்ட மங்கை' கண்ணதாசன் தயாரித்த படம், டி.ஆர். மகாலிங்கம் நாயகன். கதாநாயகி ஆசையில் வந்த பெண்ணுக்குக் கண்ணதாசன் கொடுத்தது நகைச்சுவை வேடம். நாயகியாகவே நடித்தால் மூன்று நான்கு வருடத்தில் சினிமா வெளியே தள்ளிவிடும் என்று அவர் சொன்னதை மனோரமாவே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். மனமில்லாமல்தான் ஒப்புக்கொண்டாராம், பிழைப்பு வேண்டுமே. நடுவில் 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'கொஞ்சும் குமரி'யில் நாயகியாகவும் நடித்தார், ஆனால் நிலைத்தது அந்த நகைச்சுவை வரிசைதான்.

சரி, ஆப்புக்கு வருகிறேன். அறுபதுகளின் படங்களில் நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எழுதித் தனியாக எடுத்துச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. கதைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்காது. பிற்காலத்தில் டிவிக்காக நீளம் குறைக்கும்போது கத்தரி முதலில் விழுவது அங்கேதான். இந்த ஆப்பில் இருக்கும் ஒரு கருப்பு வெள்ளைப் படத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. நாகேஷும் மனோரமாவும் ஒரு காட்சியில் சண்டையை ஆரம்பிக்கிறார்கள், அடுத்த காட்சியில் இரண்டு பேரையும் காணோம், படம் முடிகிறபோது கல்யாண கோலத்தில் வந்து நிற்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது? யாருக்கும் தெரியாது. நாயகனுடைய காட்சியில் ஒரு நிமிடம் காணாமல் போனால் ரசிகர்கள் சும்மா விடுவார்களா? மனோரமா மாதிரி நடிகைக்கு ஒரு படத்தில் கிடைப்பதே சில நிமிடங்கள். அதை வெட்டினால் அவர் அந்தப் படத்தில் நடிக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. 'முழு நீளப் படம்' என்று பக்கத்தில் போட்டிருக்கிறார்கள், இது நியாயமே இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். தங்களுக்குக் கிடைத்த பிரதி அதுதான் என்று பதில் வந்தது. அதையாவது படத்தின் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

டைட்டில் கார்டையும் சொல்ல வேண்டும். படம் ஆரம்பித்தவுடன் 'டைட்டிலைத் தாண்டு' என்று ஒரு பொத்தான் வருகிறது. பரவாயில்லை, விருப்பமில்லாதவர்கள் தாண்டட்டும். ஆனால் சில படங்களில் தானாகவே தாண்டிவிடுகிறது, திருப்பிக் கொண்டுவர அமைப்புக்குள் போய்த் தேட வேண்டியிருக்கிறது. பட்டியலில் இல்லாத பெயர்கள் இருக்கும் ஒரே இடம் அந்த டைட்டில் கார்டுதான். அதையும் எடுத்துவிட்டால் ஒரு சின்னப் பையன் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா யார் என்று எப்படித் தெரிந்துகொள்வான்?

இவ்வளவு குறை சொல்கிறேனே தவிர, பார்த்த படங்களைப் பற்றி வருத்தமே இல்லை. தோண்டித் தோண்டி எடுத்துப் பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது, அது தனித்தனியாக டிவியில் பார்க்கும்போது பிடிபடாது. 'தில்லானா மோகனாம்பா'ளில் மனோரமா செய்த ஜில் ஜில் ரமாமணி ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிக்காரி. எல்.ஆர். ஈஸ்வரி குரலில் 'பாண்டியன் நானிருக்க' பாட்டுக்கு ஆடுவாரே, அந்த நடை, அந்த இழுத்த பேச்சு, கொஞ்சம் அதிகமாகவே போட்டுக்கொண்ட பகட்டு. அதெல்லாம் பள்ளத்தூரில் தொடங்கி இவரே வாழ்ந்த வாழ்க்கை. அதனால்தான் ரமாமணியைக் கேலிப் பொருளாக ஆக்காமல், சிரித்துக்கொண்டிருக்கும்போதே குரலைத் தாழ்த்தி, இந்தப் பெண்ணுக்கும் ஒரு மனசு இருக்கிறது என்று காட்டிவிடுகிறார். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று அத்தனை பேர் நிற்கிற படத்தில் கொஞ்ச நேரமே வருகிற ஒரு பாத்திரம், இன்றைக்கும் பெயர் சொன்னால் ஊருக்கே தெரிகிறது.

அதேபோல 1986-இல் வந்த 'சம்சாரம் அது மின்சாரம்'. அதில் மனோரமா வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. விசு எழுதி இயக்கிய படம், பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. நடிகர் கிஷ்முவோடு நடக்கும் அந்த வாய்ச்சண்டையும் 'கம்முனு கெட' வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் முழுப் படத்தையும் ஒரே மூச்சில் பாருங்கள், அந்த வீட்டில் லட்சுமி செய்த மருமகளுக்கு அடுத்தபடி நிதானமாக யோசிக்கிற ஆள் இந்த வேலைக்காரிதான். அடுத்தவர் வீட்டில் வேலை செய்து பிள்ளை வளர்த்த தாயின் மகள் இந்த வேடத்தைச் செய்கிறார் என்ற நினைப்போடு பார்த்தபோது எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது.

1990-இல் வந்த 'நடிகன்' படத்தை நகைச்சுவை என்று மட்டும் நினைத்திருந்தால் இன்னொரு தடவை பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய மனோரமா, கல்யாணமே ஆகாத ஒரு அத்தையாக, கிழவர் வேடம் போட்ட சத்யராஜ் மேல் ஆசைப்படுகிறார். கொஞ்சம் பிசகினால் அருவருப்பாகப் போயிருக்கும். அவர் அந்த வெட்கத்தை உண்மையான வெட்கமாகவே செய்கிறார், அதனால் நமக்கு அந்த அம்மாவை ஏமாற்றுகிறார்களே என்று சங்கடம் வருகிறது. 'சின்னக் கவுண்டர்' இன்னொரு எல்லை. துருத்திய பல்லை மாட்டிக்கொண்டு விஜயகாந்துக்கு அம்மாவாக வருவார், அழகைப் பற்றிய கவலையே இல்லை. 'சின்னத்தம்பி'யில் விதவைத் தாயை மஞ்சள் குங்குமம் பூசி அவமானப்படுத்தப் போகும் கட்டம் இருக்கிறதல்லவா, அதில் அவர் எழுப்பும் சத்தம் மேடை தந்த குரல். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். 'இந்திய'னில் குப்பம்மாவாக வரும்போதோ அந்தக் குரலை முழுக்க அடக்கி வைத்திருக்கிறார்.

தேசிய விருது கிடைத்தது பார்த்திபனின் 'புதிய பாதை'க்கு. சிறந்த துணை நடிகை. பத்மஸ்ரீ 2002-இல் வந்தது. இந்த ஆப்பில் 'விருது பெற்றவை' என்று ஒரு தனி வரிசை இருக்கிறது, அதில் 'புதிய பாதை'யைக் காணவில்லை. துணை நடிகை விருது விருதில்லையா? அண்ணா, கருணாநிதியோடு நாடக மேடையிலும் எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, என்.டி.ஆர் ஆகியோரோடு திரையிலும் நடித்தவர். பின்னாளில் முதல்வரான ஐந்து பேர். இதை வைத்தே ஒரு தனி வரிசை போடலாமே, எவ்வளவு பேர் பார்ப்பார்கள்.

பாட்டுப் பகுதியிலும் இதே நிலைதான். 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழில் அவர் பாடிய 'வா வாத்தியாரே ஊட்டாண்டே' ஆப்பில் இருக்கிறது, பாடியவர் பெயர் இல்லை. 'பாட்டி சொல்லைத் தட்டாதே' படத்தின் 'டில்லிக்கு ராஜா ஆனாலும்' பாட்டிலும் இல்லை. நாடகத்தில் சொந்தக் குரலில் பாடி வளர்ந்தவர், பாட்டில் பெயர் போட ஒரு வரி போதும்.

இதையெல்லாம் தொகுத்து அவர்களுக்கு நீளமான மின்னஞ்சல் ஒன்று அனுப்பினேன், அவர்களிடமே இருக்கும் மனோரமா படங்களின் பட்டியலையும் நானே எழுதி இணைத்தேன். பதில் மரியாதையாக வந்தது. சில படங்களின் பக்கத்தில் இப்போது அவர் பெயர் சேர்ந்திருக்கிறது, தேடினால் முன்பை விட அதிகமாக வருகிறது. கேட்டால் செய்கிறார்கள் என்பதற்காகவே சந்தாவை இன்னொரு வருடத்துக்கு நீட்டித்துவிட்டேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன், பிரிண்டுக்காக மட்டும் என்றால் நாலரை கொடுத்திருப்பேன்.

இதுபோன்ற ஆப்பில் நீங்கள் சேர்வதாக இருந்தால் மூன்று விஷயம். இலவசமாகப் பார்க்கத் தரும் நாட்களில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பழைய படத்தைப் போட்டு, நகைச்சுவைக் காட்சிகள் முழுசாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள், அதில் தெரிந்துவிடும். அமைப்பில் போய் டைட்டில் தானாகத் தாண்டுவதை நிறுத்துங்கள். அப்புறம் கருத்து எழுதும் இடத்தில் காந்திமதி பெயரையும் எஸ்.என். லட்சுமி பெயரையும் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள், நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன், ஆனால் ஒருவர் கேட்பதற்கும் நூறு பேர் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.